முகம் முன்னால் வந்த பெட்டி

“நீ திரும்பி வந்தப்போ, நீ முன்னால வந்தியா, உன் பெட்டி முன்னால வந்துச்சா?”

ஊர்க் குளியல்கூடத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்தபடி ஹாத்சுனோ அம்மாள் மிசாவோவிடம் இப்படிக் கேட்டு மூன்று வருடம் ஆகிவிட்டது. தொட்டியில் இருந்த ஏழெட்டுப் பெண்களும் சிரித்தார்கள். ஒருத்தி தலையில் போட்டிருந்த துண்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். மிசாவோ பதில் சொல்லவில்லை. பதில் இல்லாமல் இல்லை. நல்ல பதிலாகவே இருந்தது. அதைத் துணியில்லாமல் உட்கார்ந்துகொண்டு சொல்ல வேண்டாம் என்று வைத்துக்கொண்டாள்.

ஹாத்சுனோ அம்மாள் பட்டுத்துணிக் கடைக்காரி. கிசோ ஆற்றங்கரையில் பத்துப் பதினைந்து ஊர்களுக்கு, எந்தப் பெண் எந்த வீட்டுக்குப் போகிறாள், என்னென்ன சாமானோடு போகிறாள் என்பதெல்லாம் அவள் வாய்க்குள் புகுந்து வெளியே வந்த பிறகுதான் நடக்கும். மிசாவோவின் அண்ணன் எய்கிச்சிக்குக் கல்யாணத் துணிப்பெட்டி செய்கிற தொழில். அந்த வாயைப் பகைத்துக்கொண்டு அவன் பட்டறை நடத்த முடியாது.

மிசாவோவைக் கட்டிக்கொடுத்தது அக்கரையில் ஒரு சாயப்பட்டறை வீட்டில். அங்கே ஆள் பற்றவில்லை என்று மாமனாரே அவளுக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்து லாரியில் உட்கார வைத்தார். மூன்று வருடம் ஓட்டினாள். புருஷனுக்குத் துறைமுகத்துப் பக்கம் இன்னொரு குடித்தனம் இருந்தது. அது தெரிய வந்தபோதுகூட அவள் எழுந்து வரவில்லை. ஒருநாள் அந்தக் குடித்தனத்துக்கு இரண்டு மூட்டை அரிசி இறக்கிவிட்டு வரச்சொல்லி அவளையே அனுப்பினான். போனாள், இறக்கினாள். மறுநாள் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள், பெட்டியோடு.

இப்படி வந்தவளுக்கு ஊரில் ஒரே பெயர்தான். திரும்பி வந்தவள். அவளுடைய பெட்டி இப்போது பட்டறை மூலையில் நிற்கிறது. கிமோனோ மடித்து வைத்த இழுப்பறைகளில் பித்தளைக் கைப்பிடியும் உப்புத்தாளும் மூங்கில் ஆணியும் கிடக்கின்றன. நல்ல பெட்டி, எதற்குச் சும்மா நிற்க வேண்டும் என்று அவளேதான் அப்படிச் செய்தாள்.

பட்டறைக்கு ஒரு லாரி உண்டு. பள்ளிக்கூடத்து அடுக்குப் பலகை, பழுது பார்க்க வந்த பழைய பெட்டி, மரக்கடைக்குப் போய்வருவது எல்லாம் மிசாவோ ஓட்டினாள். கல்யாணப் பெட்டி போகிற நாளில் மட்டும் பட்டறையின் பழைய டிரைவர் தோகுஸோ அண்ணன்தான் உட்காருவார். ஏனென்றால் கல்யாணப் பெட்டி ஏற்றிய வண்டி பின்னால் போகக்கூடாது. ஒரு சாண்கூட. வண்டி பின்னால் போனால் பெண்ணும் ஒருநாள் பின்னால் வந்துவிடுவாள் என்பது கணக்கு. எதிரே எது வந்தாலும் அதுதான் ஒதுங்க வேண்டும், ஒதுங்கிய டிரைவருக்குச் சிவப்பு வெள்ளை நூல் கட்டிய பண உறை ஒன்று கொடுக்க வேண்டும். அன்றைக்கு வண்டியைச் சுற்றி ‘திரும்பு’, ‘வெட்டு’, ‘பிரி’ என்ற சொற்களே காதில் விழக்கூடாது. அந்த வண்டியில் திரும்பி வந்தவளையே டிரைவராக உட்கார வைப்பதைப் பற்றி யாரும் பேசக்கூட இல்லை. பேச என்ன இருக்கிறது?

அந்த அக்டோபரில் ஒரு முகூர்த்த நாள். ஹாத்சுனோ அம்மாளின் தம்பி மகள் சுமியேவின் பெட்டி மாப்பிள்ளை ஹிபினோ வீட்டுக்குப் போக வேண்டும். காலையில் பெட்டியை ஏற்றி, சிவப்பு வெள்ளைத் துணி சுற்றி, எல்லாம் முடித்த பிறகு தோகுஸோ அண்ணனின் மனைவி ஓடி வந்தாள். அவர் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாராம்.

நாளை மாற்ற முடியாது. அடுத்த நல்ல நாள் கல்யாணத்துக்குப் பிறகுதான் வருகிறது. லாரி ஓட்டத் தெரிந்தவர்கள் பட்டறையில் இரண்டே பேர். அதில் ஒருவர் எலும்பு வைத்தியரிடம் இருந்தார். பெட்டிக்குத் துணையாகப் போவதற்கென்று கறுப்புக் கிமோனோ கட்டி வந்து நின்ற ஹாத்சுனோ அம்மாள், மிசாவோவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு எய்கிச்சியிடம் பேசினாள், மிசாவோ அங்கே இல்லாத மாதிரி.

“சரி, வேற வழி இல்ல. ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். இந்தப் பெட்டி ஒரு அடி பின்னால போச்சுன்னா, அப்புறம் இந்தப் பட்டறைப் பெட்டி எந்த வீட்டு வாசப்படியும் ஏறாது. நான் ஏற விடமாட்டேன்.”

எய்கிச்சி குனிந்து வணங்கினான். அவள் அப்பால் போனதும் தங்கையிடம் மெதுவாகச் சொன்னான். தோகுஸோ அண்ணனுக்குக் கண்ணும் மங்கிவிட்டது, வருடக் கடைசியோடு நிற்கப்போகிறார். இன்றைக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் இனிக் கல்யாண வண்டி அவளுடையது, யார் என்ன சொன்னாலும் சரி. சேராவிட்டால் மரக்கடைக்குக்கூட அவளை அனுப்ப முடியாது, ஊர் விடாது.

“போய்ச் சேரும்ணே,” என்றாள் மிசாவோ. கையுறையை மாட்டிக்கொண்டாள்.

பெட்டி மூன்று அடுக்கு. மேலே இரட்டைக் கதவு, கீழே இழுப்பறைகள். கிரி மரம். வெளுத்த நிறம், கைக்கு எடையே தெரியாத மரம். ஓர் இழுப்பறையை உள்ளே தள்ளினால் உள்ளே அடைபட்ட காற்று இன்னொன்றை மெல்ல வெளியே தள்ளிவிடும். அந்த அளவு இறுக்கமாகச் செதுக்கியிருந்தான் எய்கிச்சி. அப்படி வெளியே வராத பெட்டியை அவன் விற்பதில்லை. கூடவே கோட்டு மாட்டும் பெட்டி ஒன்று, கண்ணாடி மேசை, மெத்தை மூட்டைகள். வழியில் நிற்பவர்கள் பார்க்கட்டும் என்று எல்லாவற்றின் முகமும் வண்டியின் பின்பக்கம் பார்க்க நிறுத்தியிருந்தது. மூட்டைகளுக்கு நடுவில் இரண்டு தச்சர்கள் உட்கார்ந்துகொண்டார்கள்.

ஹாத்சுனோ அம்மாள் மிசாவோவின் பக்கத்து இருக்கையில். மடியில் உறைகள் வைத்த பட்டுப்பை. கோயில் முனை வந்ததும் வழி சொல்ல வேண்டியிருந்தது. ‘திரும்பு’ என்று சொல்ல முடியாது.

“வலது கைப் பக்கமா... சாஞ்சு போ.”

“சாஞ்சா பெட்டி கவுந்துடும் கடைக்காரம்மா.”

“சொல்றத செய்.”

அதற்குள் மூன்று வண்டிகள் எதிரே வந்தன. மூன்றும் சிவப்பு வெள்ளைத் துணியைப் பார்த்ததுமே ஒதுங்கின. மூன்று உறைகள் போயின. ஒரு பால் வண்டிக்காரன் உறையை வாங்கிக்கொண்டு, இந்த மாதம் இது அவனுக்கு நாலாவது என்று சிரித்தான். மிசாவோ கியரை மாற்றுகிறதே தெரியாமல் ஓட்டினாள். பின்னால் தச்சர்களில் ஒருவன் தூங்கிவிட்டான்.

ஆற்றுக் கரைமேல் சாலை ஏறியது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கரைக்குக் கீழே அறுத்த நெல்லைக் கழியில் காயப்போட்ட வயல்கள். அகலம் ஒரு லாரி, அதற்கு மேல் ஓர் ஆள் நடக்கலாம், அவ்வளவுதான். தொலைவில் ஹிபினோ வீட்டின் ஓட்டுக்கூரை தெரிந்தது. இன்னும் முக்கால் கிலோமீட்டர். ஹாத்சுனோ அம்மாள் பட்டுப்பையின் வாயைக் கட்டி மூடினாள்.

அப்போதுதான் வளைவைத் தாண்டி எதிரே ஒரு லாரி வந்தது. அதைச் சுற்றிலும் சிவப்பு வெள்ளைத் துணி.

இரண்டும் நின்றன. மூக்கோடு மூக்கு வைத்த மாதிரி, நடுவில் நாலு அடி இடைவெளி.

நல்ல நாள் எல்லோருக்கும்தானே நல்ல நாள்? எதிர் லாரியிலிருந்து டிரைவர் இவாவோ இறங்கினான், தடித்த கழுத்துக்காரன். மறுபக்கம் துணைக்கு வந்திருந்த நிவா பெரியவர் இறங்கினார். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னும் அப்படியேதான் நிற்பார். ஹாத்சுனோ அம்மாளும் இறங்கினாள். இருவரும் குனிந்து வணங்கிக்கொண்டார்கள். இருவரும் ஒரே நேரத்தில் உறையை நீட்டினார்கள்.

நீட்டிய உறையை வாங்காமல் இருப்பது மரியாதை இல்லை. வாங்கினால் பின்னால் போக வேண்டும். இரண்டு பேரும் வாங்கிக்கொண்டார்கள், இரண்டு பேரும் நகரவில்லை.

கொஞ்ச நேரம் யாருடைய பெண் வீடு பெரியது, யார் முதலில் கரை ஏறியது, யாருடைய பெட்டி எத்தனை அடுக்கு என்று பேச்சு மிகவும் மரியாதையாக நடந்தது. இவாவோவுக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏம்மா, உங்க பக்கம் கிட்டத்துலதானே பாலம் இருக்கு? நீங்க திரும்பிப் போயிடுங்களேன்.”

சொல் வாயிலிருந்து விழுந்ததும் அவன் முகமே வெளுத்துவிட்டது. அவனுடைய ஆட்கள் மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நிவா பெரியவர் அவன் தோளில் கைவிசிறியால் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு மணப்பெண்ணின் பெட்டிக்கு எதிரில் நின்று ‘திரும்பிப் போ’ என்று ஒருவன் சொல்லிவிட்டான். இனி ஹாத்சுனோ அம்மாள் ஆற்றில் குதித்தாலும் குதிப்பாளே தவிர வண்டியைப் பின்னால் விடமாட்டாள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. எதிர்ப்பக்கமும் விடமுடியாது. தப்புப் பேசிய பக்கமே பின்வாங்கினால் அவர்கள் பெண்ணுக்கு அது இரட்டைக் கேடு.

ஹாத்சுனோ அம்மாள் மெதுவாகத் தலையைத் திருப்பி மிசாவோவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று மிசாவோவுக்குப் படிக்கத் தெரியும். உன்னால்தான்.

மிசாவோ அதை எடுத்துக்கொள்ளவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. ஹாத்சுனோ அம்மாள் கையில் நிவா பெரியவரின் உறை. பெரியவர் கையில் ஹாத்சுனோ அம்மாளின் உறை. இது அந்தப் பக்கம் போய்விட்டது, அது இந்தப் பக்கம் வந்துவிட்டது. கொடுத்த இரண்டு பேரும் நின்ற இடத்தை விட்டு ஓர் அடி நகரவில்லை.

அவள் லாரியிலிருந்து இறங்கி இரண்டு வண்டிக்கும் நடுவில் போய் நின்றாள்.

“பெட்டிய மாத்திக்கலாம்,” என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. அவள் விரலை நீட்டிக் காட்டினாள். எங்கள் பெட்டி உங்கள் லாரியில் ஏறட்டும், உங்கள் பெட்டி எங்கள் லாரியில் ஏறட்டும். உங்கள் லாரி வடக்கே இருக்கிறது, நாங்கள் போக வேண்டியது வடக்கே. எங்கள் லாரி தெற்கே இருக்கிறது, நீங்கள் போக வேண்டியது தெற்கே. டிரைவர்களும் மாறிக்கொள்வோம், அவரவர் பெட்டியோடு அவரவர். சாயங்காலம் பாலத்தடியில் லாரியைக் கைமாற்றிக்கொள்ளலாம்.

“அப்பவும் லாரி பின்னாலதானேடி போகும்?” என்றாள் ஹாத்சுனோ அம்மாள்.

“லாரி பின்னால போகும். பெட்டி முன்னாலதான் போகும். யாருக்குக் கல்யாணம் கடைக்காரம்மா, லாரிக்கா?”

நிவா பெரியவர் கைவிசிறியை மூடினார். திறந்தார். வடக்கே பார்த்தார், தெற்கே பார்த்தார். நாற்பது வருடம் ரயில் பெட்டிகளை இங்கே கழற்றி அங்கே மாட்டியவருக்கு இது சட்டென்று பிடிபட்டுவிட்டது. இன்ஜின் எந்தப் பக்கம் பார்த்தால் என்ன, சரக்கு ஊர் போய்ச் சேர்கிறதா என்பதுதான் பேச்சு என்றார். ஹாத்சுனோ அம்மாள் பட்டுப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்து நின்றாள்.

பெட்டியின் அடுக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கத்திலும் இரும்பு வளையம் உண்டு. தூக்குக் கழியை அதில் நுழைத்து, முன்னால் ஒருவன் பின்னால் ஒருவனாகத் தோளில் வைத்து, லாரிக்கும் கரை விளிம்புக்கும் நடுவில் இருந்த அந்த ஒற்றையடி இடத்தில் நடந்தார்கள். வேறு மரமாக இருந்தால் முதல் அடுக்கோடு ஆற்றில் போயிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்துப் பெட்டிதான் நகர வேண்டும், எதிரும் புதிருமாக வரக்கூடாது என்று நிவா பெரியவர் விசிலில்லாமல் வாயாலேயே விசில் கொடுத்தார். முகம் கோணாமல் தூக்குங்கள் என்று மட்டும் மிசாவோ திரும்பத் திரும்பச் சொன்னாள். சட்டம் ஒரு நூல் முறுக்கிக்கொண்டாலும் இழுப்பறை மூச்சு விடாது. கடைசியில் அவளும் ஒரு முனைக்குத் தோள் கொடுத்தாள். பெட்டிகளை முன்போலவே முகம் பின்பக்கம் பார்க்க நிறுத்திக் கட்டினார்கள்.

இவாவோ மிசாவோவின் லாரியில் ஏறி உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டினான். குரலில் பழைய வீறாப்பு இல்லை.

“அக்கா, இதுல ரிவர்ஸ் எங்க விழும்? பத்து வருஷமா கல்யாண வண்டி ஓட்டுறேன், பின்னால போயே பழக்கம் விட்டுப்போச்சு.”

அவள் ஜன்னல் வழியே கையை விட்டுக் காட்டிக் கொடுத்தாள். அவன் ஆமை மாதிரி பாலத்தை நோக்கிப் பின்னால் போனான். பின்னால் ஒருவன் நடந்துகொண்டே கைகாட்ட, பெரியவர் நடைமேடையில் நிற்பவர் போல ஏறுபலகையில் நின்றுகொண்டு போனார்.

மிசாவோ அவனுடைய லாரியில் ஏறினாள். ஹாத்சுனோ அம்மாளும் ஏறினாள். கண்ணாடி இரண்டையும் சரிசெய்து, கதவைத் திறந்து பாதி உடம்பை வெளியே சாய்த்து, மிசாவோ வண்டியைப் பின்னால் விட்டாள். அதுதான் அவளுக்குக் கைவந்தது. சாயப்பட்டறைச் சந்து, மரக்கடைச் சந்து, பட்டறைக் கொட்டகை எல்லாமே பின்னால்தான் போய்ச் சேர வேண்டிய இடங்கள். முன்னால் மட்டுமே போகிற வண்டியை இத்தனை வருடம் யாரும் அவளுக்குக் கொடுத்ததில்லை. சக்கரம் கரை விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, அந்த முழம் கூடாமல் குறையாமல், நேராகப் போய்க்கொண்டிருந்தது.

முன்கண்ணாடிக்கு வெளியே, வந்த வழி விலகி விலகிப் போவதை ஹாத்சுனோ அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“எங்கடி கத்துக்கிட்ட?”

“போன வீட்டுல.” மிசாவோ தலையைத் திருப்பவில்லை. “அன்னைக்குக் குளியல்கூடத்துல ஒண்ணு கேட்டீங்கல்ல, நான் முன்னால வந்தேனா பெட்டி முன்னால வந்துச்சான்னு.”

ஹாத்சுனோ அம்மாள் பையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணாத்தான் வந்தோம். நானே ஏத்தி, நானே கட்டி, நானே ஓட்டிட்டு வந்தேன். பெட்டிய இறக்கிட்டு, டீசல் ரொப்பி, அவங்க லாரிய அவங்க வாசல்லயே கொண்டுபோய் விட்டேன். அப்புறம் பஸ்ல வந்தேன். நீங்க கேட்டப்ப எத முன்னாலன்னு சொல்றதுன்னு தெரியல.”

ஹாத்சுனோ அம்மாளின் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“டீசல் வேற ரொப்பினியாக்கும்.”

“நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாதுல்ல.”

கரையிலிருந்து சரிவு இறங்கி ஹிபினோ வீட்டு வாசல். கல்யாண வீட்டுக் கூரையிலிருந்து மிட்டாய் இறைப்பார்கள் என்று தெருவே கூடியிருந்தது. கரைமேல் கல்யாண லாரி ஒன்று பின்னால் வருவதைக் கண்டதும் பேச்சு அப்படியே நின்றது. மாமியாராகப் போகிற ஹிபினோ அம்மாள் கையில் விசிறியோடு வாசலுக்கு வந்துவிட்டாள், முகத்தில் ரத்தமில்லை. மிசாவோ சரிவில் வண்டியை இறக்கி, இரண்டு கல்தூணுக்கும் நடுவில் ஒரு கை அகலம் விட்டு நுழைத்து, வாசற்படிக்கு மூன்று அடியில் நிறுத்தினாள். வழக்கமாக வண்டி மூக்கைக் காட்டி நுழையும், பெட்டியை முற்றம் முழுக்கச் சுற்றித் தூக்கி வருவார்கள். இப்போது வீட்டுக்காரர்களுக்கு நேர் எதிரில் பெட்டிதான் நின்றது. கதவும் பித்தளையும் இழுப்பறையுமாக, முழு முகத்தையும் காட்டிக்கொண்டு.

“என்ன இது, வண்டி இப்படி வருது?” என்றாள் ஹிபினோ அம்மாள்.

மிசாவோ இன்ஜினை நிறுத்தினாள். இதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள் இல்லை. பட்டறையும், அண்ணனும், இந்த இருக்கையும் இப்போது பக்கத்தில் இருப்பவளின் வாயில் இருந்தன.

ஹாத்சுனோ அம்மாள் அவசரப்படாமல் இறங்கினாள். கிமோனோவின் மடிப்பைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

“வண்டியை எதுக்குப் பாக்கறீங்க? பெட்டியைப் பாருங்க. உங்க வீட்டுக்குப் பின்புறத்தைக் காட்டிக்கிட்டா வந்துச்சு? வழி முழுக்க முகத்தை இந்தப் பக்கம் வச்சே வந்துச்சு. இப்படி வந்த பெட்டி இந்த ஆத்தங்கரையில இதுவரைக்கும் உண்டா, கேட்டுப் பாருங்க.”

ஹிபினோ அம்மாள் பெட்டியைப் பார்த்தாள். அருகே வந்து, ஒரு விரலால் கீழ் இழுப்பறையைத் தள்ளினாள். மேலே இருந்தது மெல்ல, தானாகவே, இரண்டு விரல் அகலம் வெளியே வந்தது. கூட்டத்தில் யாரோ ஒரு கிழவர், ஆகா, தலை வணங்குது பார் என்றார். அவ்வளவுதான். கூரைமேல் நின்றவர்கள் மிட்டாயை அள்ளி இறைக்கத் தொடங்கினார்கள். தெரு முழுக்கக் குனிந்து பொறுக்கியது. மிசாவோவின் தொப்பியிலும் ஒன்று விழுந்தது. அவள் அதைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

பெட்டிகள் உள்ளே போய் முடிந்தபின் ஹாத்சுனோ அம்மாள் வண்டியருகே வந்தாள். நிவா பெரியவர் கொடுத்த அந்த உறையை மிசாவோவின் சட்டைப் பையில் செருகினாள். பின்னால் போனவங்களுக்குச் சேர வேண்டியது இது, எனக்கு எதுக்கு என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தாமல், நாலு பேர் காதில் விழ வேண்டும் என்றே சொன்னாள்.

“அடுத்த மாசம் இருபத்திமூணு. ஹொரிதா வீட்டுப் பெட்டி. நீதான் வரணும். வேற ஆள் வந்தா நான் ஏறமாட்டேன்.”

மிசாவோ தலையசைத்தாள்.

ஓட்டிவந்தவர்கள் கல்யாண வீட்டிலிருந்து புறப்படும்போது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக்கூடாது. அந்தச் சொல்லிலும் திரும்பி வருவது ஒளிந்திருக்கிறது. தோகுஸோ அண்ணன் இருமிக்கொண்டே வெளியேறிவிடுவார். மிசாவோ தொப்பியைக் கழற்றி, வீட்டுக்கு ஒருமுறை, ஹாத்சுனோ அம்மாளுக்கு ஒருமுறை இடுப்பு வளைய வணங்கினாள். தச்சர்கள் பின்னால் ஏறிக்கொண்டார்கள். லாரியின் மூக்கு ஏற்கெனவே தெருவைப் பார்த்து நின்றது. அவள் ஏறி உட்கார்ந்து, முதல் கியரைப் போட்டு, இரண்டு கல்தூணுக்கும் நடுவே, ஒரு வார்த்தையும் சொல்லாமல், நேராகப் போய்விட்டாள்.